தன் மேல் புகார் கேட்டவர்

கோகிலவாணி இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு சாயப்பட்டறையில் நின்றுகொண்டு, நீலத் துணியின் ஷேடு சாம்பிளோடு ஒத்துப்போகவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பழைய கம்பெனிக்காரர்கள் இருக்கும் குழுவில் அவருடைய போட்டோவைப் போட்டு, பக்கத்தில் ஒரு விளக்கையும் ஒட்டி, 'நம்ம ஐ.டி. கோகிலா மேடம் தவறிட்டாங்க' என்று எழுதியிருந்தார்கள். நான் வண்டியை எடுப்பதற்குள் அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்துவிட்டன. 'தங்கமான மனுஷி' என்றார் ஒருவர். 'யாருக்கும் கெடுதல் நினைக்காதவங்க' என்றார் இன்னொருவர். இந்த இன்னொருவர்தான் சில வருஷங்களுக்கு முன் இதே குழுவில், 'வேலையை விட்டுப் போன கோவத்துல கம்பெனியவே முடக்கிட்டா' என்று எழுதியவர். அந்த வரியை அவர் அழிக்கக்கூட இல்லை. மேலே தள்ளிப் பார்த்தால் இன்னும் இருக்கிறது.

ஆகவே இதைப் பக்குவமான அஞ்சலியாக எழுத என்னால் முடியாது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வருகிறது. வீரபாண்டியில் அந்த ஏற்றுமதிக் கம்பெனி ஆபீஸில் அவரோடு ஒரே மேஜையில் சாப்பிட்ட உங்களுக்காக எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர்களும் படிக்கலாம். அவர்கள்தான் நியாயமாகப் படிப்பார்கள்.

கோகிலாக்கா அங்கே கம்ப்யூட்டர் பிரிவின் பொறுப்பாளர். நான் மெர்ச்சண்டைசர், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் நம் தையல் ஹாலுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவள். அக்காவுக்கு மண்ணரையில் வீடு. கணவர் பழனிசாமி நாலைந்து மெஷின் வைத்து டீ-சர்ட்டுக்குக் காலர் பின்னிக் கொடுக்கிறவர். அக்கா சாந்தமானவர் என்று யாரும் புளுக வேண்டாம். அவருக்கு வாய் அதிகம். திட்டும்போதும் மரியாதை குறையாமல் 'ங்க' போட்டுத் திட்டுவார். அது இன்னும் சுடும். அக்கவுண்ட்ஸ் அண்ணன் ஒருவர் பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்தார். "ஏனுங்கண்ணா, கேட்டுல வாட்ச்மேன்கிட்டயும் ஒண்ணு எழுதிக் குடுத்துருங்க, வர்றவங்க போறவங்களுக்குச் சௌகரியமா இருக்கும்" என்று ஆபீஸே கேட்கும்படி சொன்னார். அந்த அண்ணன் ரொம்ப நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு தீபாவளிக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. 'போனஸ் பட்டியல் தயார், உங்கள் பெயரைப் பார்க்க இங்கே தொடவும்' என்று இருந்தது. தொட்டோம். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தோம். பட்டியலுக்குப் பதிலாக, 'இந்நேரம் உங்கள் மெயில் திருடன் கையில்' என்று பெரிய எழுத்தில் வந்தது. அனுப்பியது அக்காதான். சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்று விளக்கினார்: "இதுக்குப் பேருதானுங்க பிஷிங். மீனுக்குத் தூண்டில் போடறாப்பல. திருடன் பூட்டை உடைக்கறதில்லீங்க. நம்மகிட்டயே சாவியக் கேட்டு வாங்கிக்கறான்." எல்லோருக்கும் முதலில் அந்த மெயிலைத் தொட்டவர் எங்கள் எம்.டி. என்பதையும் அக்கா மறைக்கவில்லை. எம்.டி. சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

எம்.டி. கெட்ட வார்த்தை பேசமாட்டார். கை ஓங்கமாட்டார். கடைசி ஹெல்ப்பர் வரைக்கும் 'வாங்க, போங்க'தான். அவருடைய மரியாதையைப் பற்றி ஊரே பேசும். அக்கா ஆளுக்கொரு லாகின் கொடுத்து, ஒருத்தர் பாஸ்வேர்டை இன்னொருத்தர் கேட்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தபோது, அவர் அக்காவைக் கூப்பிட்டு, "நம்ம ஆளுங்களுக்குள்ள பூட்டு எதுக்குங்க அம்மணி? ஒரே குடும்பமாட்ட இருக்கறோம்" என்றார். பிறகு அக்காவின் பாஸ்வேர்டையே எழுதித் தரச் சொல்லி வாங்கினார். அக்காவின் லாகினுக்குத்தான் எல்லா இடத்திலும் நுழையும் அதிகாரம் உண்டு. அந்தப் பாஸ்வேர்டு எம்.டி.யிடமிருந்து அவர் மகனுக்கு, அதாவது நாங்கள் சின்ன எம்.டி. என்று கூப்பிடுகிறவருக்குப் போயிற்று. அவரிடமிருந்து ஆபீஸ் முழுக்கப் போயிற்று. அக்கா மாற்றினார், மறுபடி கேட்டு வாங்கினார்கள். "என்ற பேர்ல நுழைஞ்சு யாரு என்ன பண்ணுனாலும் நான் பண்ணுனதாத்தானுங்க பதிவாகும். வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டு நடு ஆபீஸ்ல வச்சுட்டுப் போகச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, ராஜினாமாவை மேஜையில் வைத்தார்.

கடைசி நாளில் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். தன் லாகினை மூடிவிட வேண்டும். "சரிங்க அம்மணி" என்றார் எம்.டி. ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து, கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். லாகினை மூடவில்லை. அடுத்து வந்த பையர் ஆர்டருக்கு யாரோ அதில் நுழைய முயன்றபோது ஓடிபி அக்காவின் போனுக்குப் போயிருக்கிறது. பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் எண்ணையும் போட்டால்தான் திறக்கும்படி இரட்டைப் பூட்டாக அவர் வைத்திருந்தார். ஆபீஸிலிருந்து போன் போட்டு, "அக்கா, ஒரு நம்பர் வந்திருக்குமே, சொல்லுங்க" என்றார்கள். "நான் அங்க வேலையில இல்லீங்க. அதை மூடுங்க" என்று வைத்துவிட்டார். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தது. தொந்தரவாக இருக்கிறதென்று சின்ன எம்.டி. மெயில் கம்பெனிக்காரனிடம் சொல்லி ஓடிபியையே எடுக்க வைத்தார். லாகின் இருந்தது, பூட்டு போய்விட்டது.

பிறகு ஒரு காலையில், சாம்பிள் பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது என்று கூரியர் கம்பெனி பெயரில் ஒரு மெயில் வந்தது. சின்ன எம்.டி.யின் மேஜை எனக்கு அடுத்தது. "ஏனுங்கக்கா, இது பாஸ்வேர்டு கேக்குது. கோகிலாக்கா பாஸ்வேர்டுதானுங்களே போடறது?" என்று என்னிடம் கேட்டார். "கூரியர்காரன் எதுக்குங்க நம்ம மெயில் பாஸ்வேர்டக் கேக்கறான், போடாதீங்க" என்று நான் எழுந்து போவதற்குள் போட்டு முடித்துவிட்டார். மூன்றாம் நாள் எந்தக் கம்ப்யூட்டரும் திறக்கவில்லை. பேட்டர்ன், ஆர்டர் விவரம், ஷிப்பிங் பேப்பர், எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கொடு என்று திரையில் எழுதியிருந்தார்கள். அக்கா பலமுறை சொன்ன ரேன்சம்வேர் அதுதான். பேக்கப் டிஸ்க்கைக் காப்பி எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள் என்றும் அவர் சொல்லியிருந்தார். கழற்றி மாட்டுவது யாருக்கு ஆகும் என்று அதை மெஷினிலேயே விட்டிருந்தார்கள். அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது.

கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வெளியிலிருந்து வந்த ஆட்கள், கோகிலா என்ற லாகின் வழியாகத்தான் திருடர்கள் உள்ளே வந்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அவ்வளவு போதுமாக இருந்தது. மெயிலைத் திறந்தது யார், பாஸ்வேர்டைப் போட்டது யார் என்று நான் அன்றைக்கே எம்.டி.யின் அறைக்குப் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சின்னப் பையனுங்க. நாளைக்கு இந்தக் கம்பெனியப் பார்க்க வேண்டியவன். பேரு கெட்டுரக் கூடாது பாருங்க" என்றார். ஒரு பெயரைக் காப்பாற்ற இன்னொரு பெயரைக் கெடுக்க வேண்டியிருந்தது. அவர் எதையும் எழுத்தில் கொடுக்கவில்லை. மற்ற முதலாளிகள் துக்கம் விசாரிக்கிற மாதிரி போனில் கேட்டபோது, "வெளிய போன பொண்ணு, என்ன வருத்தமோ என்னமோ, விடுங்க" என்று மட்டும் சொன்னார். திருப்பூருக்கு அது போதும். இன்டர்வியூ முடித்து, நாளைக்கே வந்துவிடுங்கள் என்று சொன்ன கம்பெனிகள்கூட மறுநாள் போனை எடுக்கவில்லை. அக்கா ஒரு வக்கீலிடம் போனார். யாரும் எழுதித் தராத பழிக்கு எதை வைத்து நோட்டீஸ் விடுவது என்று வக்கீல் கேட்டாராம்.

அதன் பிறகு அக்கா செய்ததை நான் வேறு யாரும் செய்து பார்த்ததில்லை. நேராக எம்.டி.யின் அறைக்கு வந்தார். துணைக்கு நானும் உள்ளே போனேன். எம்.டி. உட்காரச் சொன்னார்; அக்கா உட்காரவில்லை.

"என்ற மேல போலீஸ்ல புகார் குடுங்க சார்."

எம்.டி.க்குப் புரியவில்லை. எனக்கும் ஒரு கணம் புரியவில்லை.

"எந்த மெஷின்ல இருந்து, எப்ப, எப்படி நுழைஞ்சாங்கன்னு மெயில் கம்பெனிக்காரன்கிட்டப் பதிவு இருக்குதுங்க. நான் கேட்டா எனக்குத் தரமாட்டான். போலீஸ் கேட்டாத் தருவான். இங்க மெஷின்ல இருந்த பதிவையெல்லாம் நீங்க அழிச்சுப் புதுசாப் போட்டுட்டீங்க, பரவால்லீங்க, அவன்கிட்ட இருக்கும். புகார் குடுங்க. நான்தான்னு எழுதியே குடுங்க. விசாரிக்கட்டும்."

எம்.டி. எழுந்து வந்து, கை கூப்பினார். "என்னங்க அம்மணி, நம்ம ஊட்டுப் பொண்ணு மேல நான் புகார் குடுப்பனுங்களா? அந்தப் பாவத்தை நான் பண்ணமாட்டன். மனசுல ஒண்ணும் வச்சுக்கல. மன்னிச்சுட்டேன், போங்க."

அக்காவின் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். "செய்யாததுக்கு மன்னிக்காதீங்க சார். அதைவிட அசிங்கமா என்னைத் திட்டிருங்க" என்றார். எம்.டி. மறுபடியும் கை கூப்பினார். வெளியே வந்ததும் அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். நான் அந்த மாதமே வேலையை விட்டேன்.

புகார் கடைசி வரைக்கும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியும். புகார் வந்தால் விசாரணை வரும். விசாரணை வந்தால் மகன் பெயர் வரும். அக்கா கணவரின் காலர் கடையில் நூல் போட்டுக்கொண்டும், தெருவில் இருப்பவர்களின் போனில் திருட்டு லிங்க்குகளை அழித்துக்கொண்டும் இருந்தார். சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸில் இருந்து போய்ச் சேர்ந்தார். பழிதான் அவரைக் கொன்றது என்று எழுதக் கை துடிக்கிறது. எழுதமாட்டேன். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதினாலும் அவர் என்னை விடமாட்டார். ஆனால் கடைசியாகப் பார்க்கப் போனபோது கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் கேட்டது இது: "இப்பவும் அப்படித்தான் சொல்லிட்டிருக்காங்களாங்க செல்வி?" இல்லை என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்றேன்.

சாவு வீட்டுக்கு எம்.டி. பெரிய மாலையோடு வந்தார். சின்ன எம்.டி.யும் வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, பழனிசாமி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "தெரிஞ்சோ தெரியாமலோ நடந்தது நடந்துபோச்சுங்க. நாங்க அப்பவே மறந்துட்டோம். நீங்களும் மனசுல வச்சுக்காதீங்க" என்றார். செத்த பிறகும் ஒரு மன்னிப்பு! பழனிசாமி அண்ணன் அதிகம் பேசாதவர். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "மறக்காதீங்க. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. புகார் குடுங்க" என்றார். எம்.டி. கை கூப்பிவிட்டுக் காருக்குப் போனார். மகன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நீங்கள் பலர் அங்கே இருந்தீர்கள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டவை இருக்கின்றன. என் பாஸ்வேர்டு என் புருஷனுக்கும் தெரியாது. தெரியாத லிங்க்கைத் தொடமாட்டேன். வேலையை விட்டுப் போகிறவரின் லாகின் அன்று சாயங்காலமே மூடப்பட்டதா என்று இப்போதிருக்கும் கம்பெனியில் நின்று பார்க்கிறேன். ஆனால் நான் வைத்துக்கொண்டது அதுவல்ல. அவர் அந்த அறையில் நின்று, தன் மேலேயே புகார் கொடுக்கச் சொல்லிக் கேட்டாரே, அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மெயிலைத் திறந்தது கோகிலவாணி அல்ல. பாஸ்வேர்டைப் போட்டது சின்ன எம்.டி. நான் பக்கத்து மேஜையில் இருந்து பார்த்தேன். இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் என் மேல் புகார் கொடுங்கள். தயவுசெய்து கொடுங்கள். என் பெயர் செல்வராணி, வீரபாண்டியில்தான் இருக்கிறேன், விசாரணைக்கு எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன்.