இடப்பக்கம் இழுத்த வண்டிகள்

சைக்கிள் கடைக்கு சைக்கிள் மட்டும் வராது. கடை வைத்துக் கஷ்டப்பட்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காட்டு மீனவ இளைஞர்களுக்குப் பேரிங்கு வண்டிப் பைத்தியம் பிடித்தது. ஒரு பலகை, அடியில் லாரியில் கழித்த பேரிங்கு மூன்று. அதன்மேல் நின்று, படகைத் தள்ளுவதுபோல் கழி ஊன்றித் தார்ச்சாலையில் பாய்வார்கள். நான் செய்து கொடுத்தவை இருபத்து மூன்று. ஒன்றிலும் ஏறியதில்லை, நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம்.

நங்கூரம்

பிரேக்குக்கு டயர்த்துண்டு வைத்துத் தருகிறேன் என்றேன். அவர்களில் ஒருவனான சேகர் கேட்கவில்லை. படகின் சின்ன நங்கூரத்தைக் கயிற்றோடு வண்டியில் கட்டிக்கொண்டு ஐஸ் கம்பெனிச் சரிவில் இறங்கினான், பாதியில் வீசினான். அது டீக்கடை பெஞ்சின் காலைக் கவ்வியது. பெஞ்சு, உட்கார்ந்திருந்த இருவரோடு ஏழு அடி நகர்ந்தது, அளந்தேன். முட்டியில் ரத்தத்தோடு எழுந்தவன் சொன்னான்: "கயிறு இன்னும் ரெண்டு பாகம் நீளமா வுட்டிருக்கணும் பாய்."

புகார்

அடுத்த மாதம் அத்தனை வண்டியும் இடப்பக்கம் இழுக்கிறது என்றார்கள். எல்லாவற்றையும் கவிழ்த்து மும்மூன்று முறை அளந்தேன். குறையில்லை. யாரும் நம்பவில்லை. பதினொரு பேர் இனிமேல் பொன்னேரியில் செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். என் கைவேலையைப் பற்றி அதுவரை ஒருவரும் குறையாக ஒரு சொல் சொன்னதில்லை. சேகர் ஆறுதலாகச் சொன்னான்: "வயசாயிடுச்சு பாய், கண்ணு கொஞ்சம் கோணலா தெரியும், இன்னா பண்றது?"

அப்போது எனக்கு நாற்பத்து நாலு.

பாடு

நானே ஓட்டிக் காட்டுவதைத் தவிர வழியில்லை. ஆனால் ஊரில் சரிவு ஒன்றுதான். ஏரியில் வலை போடும் இடத்துக்குச் சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்களே, பாடு என்று, அதையே சரிவுக்கும் வைத்திருந்தார்கள். முறைகளை நோட்டில் எழுதுகிறவன் நான். அதில் என் பெயர் இல்லை. கூச்சத்தை விட்டு எனக்கும் ஒரு முறை வேண்டுமென்று கேட்டேன். பாடு பிரிக்கும் பெரியவர் கோவிந்தன் சொன்னார்: "வலை இல்லாதவனுக்குப் பாடு ஏது பாய்?"

நேர்கோடு

நான் விழுவதைப் பார்க்கும் ஆசையில் சேகர் தன் முறையையும் வண்டியையும் கொடுத்தான். கழி இல்லாமல் ஏறினேன். கோடு போட்டாற்போல் நேராக இறங்கிப் போய் நின்றது. திரும்பிப் பார்த்தேன், அடுத்தவன் வந்துகொண்டிருந்தான். படகுப் பழக்கத்தில் வலப்பக்கமே ஊன்றி ஊன்றித் தள்ளினான். வண்டி இடப்பக்கம் போகாமல் என்ன செய்யும்? விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு சேகர் சொன்னான்: "உனுக்கு கழி ஊனத் தெரியல பாய், அதான் நேரா போவுது."

அன்றிலிருந்து முன்பேரிங்கு மாட்டும் கட்டையை அரை அங்குலம் வலப்பக்கம் கோணலாகவே பொருத்திக் கொடுத்தேன். பாய் கை வைத்தால் சுத்தமான வேலை என்று ஊர் முழுக்கப் பேர்.