ஊறுகாய் பாட்டிலுக்குள் ஒரு விளக்கு

தேவிப்பிரியா சமையலறைக்குள் நுழைந்தால் சோறு வடிப்பாளா, சோதனை செய்வாளா என்று அந்த வெள்ளானூர் வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. ராசிபுரத்துப் பெண். இயற்பியலில் எம்.எஸ்சி. கல்யாணமாகி வந்த புதிதில் உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டு, மாமியார் சரசாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். "மெதக்குதே, அழுவின முட்டையா?" என்று கேட்டாள் சரசா.

கணவன் தினகரனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. லீவு நாளானால் செல்போனைப் பிடித்துக்கொண்டு, அவள் செய்வதையெல்லாம் வீடியோ எடுத்து யூடியூபில் போடுவான். டம்ளர் தண்ணீரை அட்டையால் மூடித் தலைகீழாகக் கவிழ்ப்பாள். தலை வாரிய சீப்பால் காகிதத் துணுக்குகளைத் துள்ள வைப்பாள். பார்ப்பவர்கள் முந்நூறு பேர்தான். அதற்கே புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒரு வெள்ளிக்கிழமை மெழுகுவத்திச் சோதனை செய்யலாம் என்று உட்கார்ந்தார்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி, கேமராவில் தெரியட்டும் என்று குங்குமம் கரைத்தாள். வீட்டில் மெழுகுவத்தி இல்லை. இன்வெர்ட்டர் வந்த பிறகு யார் வாங்குகிறார்கள்? சாமி மாடத்தில் சரசா ஏற்றி வைத்திருந்த சின்ன அகலை எடுத்துத் தட்டின் நடுவில் வைத்து, காலி ஊறுகாய் பாட்டிலைக் கவிழ்த்தாள். சுடர் குறுகி அணைந்தது. சிவப்புத் தண்ணீர் மளமளவென்று பாட்டிலுக்குள் ஏறியது.

"ஆக்சிஜன் தீர்ந்ததாலதான் தண்ணி ஏறுதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சூட்டுல விரிஞ்ச காத்து, விளக்கு அணைஞ்சதும் குளிர்ந்து சுருங்குது. வெளிய இருக்கிற காத்து தண்ணிய உள்ள தள்ளுது" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சரசா வந்துவிட்டாள்.

அந்த வீட்டில் சாமி விளக்கை ஊதி அணைக்க மாட்டார்கள். அணைப்பது என்ற சொல்லே வாயில் வராது. பூவால் திரியைத் தொட்டுக் குளிர வைப்பார்கள். தானாகப் போனால் மலையேறிவிட்டது என்பார்கள்.

"இன்னாடி பண்ணி வெச்சிகீற? வெள்ளிக்கெழமையும் அதுவுமா, ஏத்தின வெளக்க மூச்சு முட்ட வெச்சிட்டியே! யாரு உசுருக்கு ஒல வெக்கப் போவுதோ!"

தினகரன் சிரித்தான். "யம்மா, காத்து இல்லாம போச்சு, அவ்ளோதான். வேற ஏத்திக்கலாம் வுடு."

அடுத்த செவ்வாய்க்கிழமை பூந்தமல்லிக்குப் போனவன், சென்னீர்குப்பம் அருகே லாரி மோதிச் செத்துப்போனான்.

சரசா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் அந்த விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெற்ற வயிறு பற்றி எரியும்போது அதெல்லாம் எங்கே நினைவிருக்கும்? மறக்காதவள் தேவிப்பிரியாதான். விளக்குக்கும் லாரிக்கும் சம்பந்தமில்லை என்று எழுதச் சொன்னால் பத்துப் பக்கம் எழுதுவாள். எழுதி என்ன, கண்ணை மூடினால் அந்தச் சுடர்தான் குறுகிக் குறுகி வந்தது. அதன்பிறகு அவள் வீடியோ போடவில்லை. சில மாதம் கழித்து நசரத்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலைக்குக் கூப்பிட்டார்கள். மாதிரி வகுப்புக்கென்று மெழுகுவத்தியும் கண்ணாடி டம்ளரும் மேசையில் வைத்திருந்தார்கள். மெழுகுவத்தியை ஏற்றினாள். டம்ளரைக் கவிழ்க்கக் கை வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கைக்கு வந்த வேலையை ஏன் விட்டாய் என்று சரசா துளைத்தெடுத்தாள். கடைசியில் தேவிப்பிரியா சொல்லியே விட்டாள். "அவர நான்தான் கொன்னுட்டேன் அத்தை. அந்த விளக்க அணைச்சப்பவே நீங்க சொன்னீங்களே."

ஆத்திரத்தில் சொன்ன ஒரு சொல் இத்தனை மாதமாக இவளை அரித்துத் தின்றிருக்கிறது என்பது சரசாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை சரசாவே தட்டில் தண்ணீர் ஊற்றினாள். அகலை ஏற்றி நடுவில் வைத்தாள். அறுபத்திரண்டு வயதில் அவள் செய்த முதல் சோதனை அது.

"வாய்ல வந்தத சொல்லிட்டேன்டி, பாவி நானு. எம்புள்ளைய லாரிக்காரன் கொன்னான், நீ இல்ல. தோ, நானே கவுக்குறேன் பாரு. வெளக்கு அணையும், எனக்கு ஒண்ணியும் ஆவாது. பாத்துகினே இரு."

பாட்டிலைக் கவிழ்த்தாள். சுடர் குறுகத் தொடங்கியது.

தேவிப்பிரியா பாய்ந்து பாட்டிலைத் தட்டிவிட்டாள். அது சுவரில் பட்டு உடைந்து சிதறியது. மாமியாரின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"வேணாம் அத்தை. எனக்குன்னு மிச்சம் இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."