சாண வாயுவும் சாரல் சீசனும்

சர்க்காரின் கிராம சேவக் வேலை என்பது, நமக்கே சரியாகத் தெரியாத ஒன்றை, நன்றாகத் தெரிந்தவர்களிடம் போய் விளக்குவது. மேலிடத்து டார்கெட்டோடு மல்லுக்கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு நான் பட்ட பாடு சொல்லாமலே புரியும். 1950களின் கடைசியில், தென்காசிப் பக்கம் எனக்கு வந்த டார்கெட் சாணம். மாட்டுச் சாணத்தைக் கரைத்துக் குழியில் விட்டு, இரும்பு டிரம்மால் மூடி, அதில் கிளம்பும் வாயுவைக் குழாய் வழியாக அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படி ஒரு குழியாவது என் பொறுப்பில் எரிந்து காட்ட வேண்டும். நானோ மாட்டைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி வழிவிடுகிற ஆள்.

முதல் பிரசங்கம்

குத்துக்கல்வலசையில் கூட்டம் போட்டேன். அச்சடித்து வந்த காகிதத்தில் 'சாண வாயு' என்று இருந்தது. நானும் அரை மணி நேரம் வாயு, வாயு என்று முழங்கினேன். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. நம் பேச்சுக்கு இவ்வளவு மவுசா என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எல்லாம் முடிந்ததும் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, வயிற்றைத் தடவிக்கொண்டே ரகசியமாகக் கேட்டார்: "தம்பி, எனக்கு ரொம்ப நாளா வாயுத் தொந்தரவு. இந்தக் குழாய எங்கன வைப்பீங்க?"

மாடே வேண்டாம்

அடுத்த கூட்டத்தில் உஷாராகி, வாயு என்ற பேச்சையே எடுக்கவில்லை. 'கேஸ்' என்றே சொன்னேன். சுப்பையா அண்ணாச்சி என்று ஒரு சின்னச் சம்சாரி. இரண்டு ஏக்கர் வயல், நாலைந்து மாடு. "இந்தக் கேஸ் கிணத்துல தண்ணி இறைக்குமா?" என்று கேட்டார். இல்லை, அடுப்பு எரியும், விளக்கு எரியும், அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தால் மரியாதையாகப் போயிருக்கும். நான் விடுவேனா? "இஞ்சினே ஓடும் அண்ணாச்சி! இனி கமலை இறைக்க மாடே வேண்டாம். பேசாமல் வித்துடுங்க" என்று கையை வீசிச் சொன்னேன்.

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கூட்டமும் அவர் முகத்தையே பார்த்தது. "மாட்ட வித்துட்டா சாணி யாரு போடுவா சார், நீங்களா?"

அக்காவின் சம்மதம்

அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகும் அந்த வீட்டில்தான் குழி வெட்டினோம். காரணம் என் பேச்சு இல்லை. அண்ணாச்சியின் மனைவி பொன்னம்மாள் அக்காவின் கண். சாரல் தொடங்கிவிட்டால் விறகும் நமுத்துவிடும், வறட்டியும் நமுத்துவிடும். ஊதி ஊதிப் புகையில் வெந்து, கண் எப்போதும் சிவந்து நீர் வடியும். இன்னும் புகையில் கிடந்தால் பார்வையே போய்விடும் என்று தென்காசி டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அது டார்கெட். அந்த அக்காவுக்கு அது கண்.

ஆனாலும் அக்காவுக்கு ஒரு தயக்கம் இருந்தது. சோறு சாண வாடை அடிக்குமோ என்று பயப்படுகிறார் என நினைத்து, "இப்ப வறட்டியில்தானே சமைக்கிறீங்க, அதில் வாடை வருதா?" என்று வக்கீல் மாதிரி மடக்கினேன். அக்கா நிதானமாகச் சொன்னார்: "வறட்டி நான் தட்டுதேன் தம்பி. இத நீங்கல்லா செய்யுதீங்க, அதான் பயமா இருக்கு."

கொப்பரை

டிரம், ரயில் ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் கவிழ்த்து வைத்து வந்தது. ஆள் நின்றால் மறைக்கிற உயரம். அது சர்க்கார் இரவலாகக் கொடுத்தது. மேலதிகாரி வந்து பார்க்கும்போது அடுப்பு எரியாவிட்டால், கழற்றி அடுத்து கேட்டிருக்கும் வீரகேரளம்புதூருக்கு அனுப்பிவிடுவோம் என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இதை நான் அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது புகையினால்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

தெருவில் ஒரே வேடிக்கை. எதிர்வீட்டுக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, கொப்பரை வந்தாச்சு. இட்லித் தட்டு அடுத்த வண்டில வருதா?"

பலாப்பழ யோசனை

ஒரு மாதத்தில் நீல நிறத்தில் அடுப்பு எரிந்தது. அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். காய்கறிக் கழிவிலும் கேஸ் வரும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. ஐந்தருவிப் பழக்கடைகளில் கொட்டிக் கிடந்த பலாச் சக்கையையும் அழுகல் மாம்பழத்தையும் இரண்டு மூட்டை கட்டி சைக்கிளில் கொண்டுவந்து, கரைத்து ஊற்றினேன். கேஸ் இரண்டு மடங்காகும் என்று கணக்கு. மூன்றாம் நாள் நுரை பொங்கியது, புளித்த நாற்றம் தெருக்கோடி வரை போனது, அடுப்பு அணைந்தது. அக்கா மறுபடி ஈர விறகோடு உட்கார்ந்தார். அந்த நாட்களில் அடுக்களைப் பக்கம் போக எனக்குக் கூசியது.

குழி புளித்துவிட்டது, சுண்ணாம்பு போட்டுப் பொறுத்திருங்கள் என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றும்போது அண்ணாச்சி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "சுண்ணாம்பு குடுத்தாச்சு. வெத்தல பாக்கும் நானே வாங்கிட்டு வந்துரட்டா சார்?"

துரை வந்தார்

மேலதிகாரிகளுக்கு எங்கள் வட்டாரத்தின் மேல் அக்கறை பொங்குவது குற்றால சீசனில்தான். சாண வாயு குறைவதும் அதே சீசனில்தான். குளிர்ந்தால் குழி சோம்பிவிடும். சுண்ணாம்பால் குழி தேறி, அரைகுறையாக எரியத் தொடங்கிய சமயம், பார்வையிட வரும் மேலதிகாரி, எங்கள் பேச்சில் துரை, அருவியில் குளித்துவிட்டுப் பதினோரு மணிக்கு வருவார் என்று தகவல் வந்தது. எரியுமா எரியாதா என்ற பயத்தில், விடிந்ததிலிருந்து நான் கால் மணிக்கு ஒரு தரம் பற்றவைத்துப் பார்த்தேன். "தம்பி, தொடாதீங்க" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். ஜீப் வந்து நின்றபோது, கேஸ் சேர்ந்தால் மேலே எழும்பி நிற்கும் டிரம் முக்கால்வாசி இறங்கிக் கிடந்தது. இருந்த கேஸையெல்லாம் நானே சோதித்துத் தீர்த்திருந்தேன்.

துரை ஈரத் தலையோடு வாசலில் உட்கார்ந்து, "சூடா ஒரு டீ குடுங்க, உங்க கேஸ்ல" என்றார். அடுப்பு மினுக்கென்று காட்டி அணையப் பார்த்தது. அக்கா என்னைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனார். "அமுக்குனா மிச்சம் மீதி வராதா? ஏறி உக்காருங்க!" கல் தூக்கிவைக்க நேரமில்லை. கதர் வேட்டியோடு டிரம் மேல் ஏறி உட்கார்ந்தேன். டிரம் இறங்கியது, சாணக் குழம்பு ஏறியது, விளிம்பில் தொங்கிய என் கால் முழங்கால் வரை அதற்குள். அடுக்களை ஜன்னலில் நீலச் சுடர் நிமிர்ந்து எரிந்தது. அதன் முன்னால் அக்காவின் முகம். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. சாரலில் நனைந்துகொண்டு, அந்த நாற்றத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

நான் அசைந்தால் சுடரும் அசைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். துரைக்கு டீ பிடித்துப்போய் இரண்டாவது கேட்டார். பிறகு அடுக்களை வாசலுக்கே வந்து அப்பளம் கேட்டார். "சாரல்லகூட அடுக்களைல புகையே இல்லையே! டிரம் இங்கேயே இருக்கட்டும்" என்று எழுதிக்கொண்டார். அப்புறம்தான் ஞாபகம் வந்தாற்போல, "ஆமா, அந்த கிராம சேவக் எங்கே?" என்றார்.

அக்கா அப்பளத்தைப் புரட்டிக்கொண்டே பதில் சொன்னார்: "கொல்லைல இருக்காரு சார். அவருதான் இப்ப கேஸ் விட்டுக்கிட்டு இருக்காரு."

இத்தனை வருஷ உத்தியோகத்தில், நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததால் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுதான்.