ரோஸ்விதா கழற்றிக்கொண்டு போன கிச்சன்

கணவன் ஹார்ட்முட்டுக்குக் கரண்டி மாட்டும் கொக்கியைக்கூட விட்டுவைப்பதில்லை என்று ரோஸ்விதா முடிவு செய்திருந்தாள். விவாகரத்துத் தீர்ப்பு வந்த வாரமே டிரில்லைச் சார்ஜில் போட்டாள்.

ஹெர்னே நகரத்தில் இது அதிசயமில்லை. குடிபெயர்கிறவர்கள் கட்டிலைக் கழற்றுவதுபோல் அலமாரி, மேடை, சிங்க் என்று கிச்சனையும் கழற்றி எடுத்துக்கொண்டு போவார்கள். சுவரில் குழாயின் மூக்கும் மின்கம்பியின் நுனியும்தான் மிஞ்சும். சுமக்க மனமில்லாதவர்கள், அடுத்து இருக்கப்போகிறவரிடம் ஒரு விலை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டுப் போவதும் உண்டு. ஹார்ட்முட் அதைத்தான் கேட்டான்.

"விலையச் சொல்லு. அந்த மூலைக்குன்னே அறுத்தது. வேற எங்கயும் உக்காராது."

"உக்காருதா இல்லையான்னு நான் பாத்துக்கறேன். நீ எதுல சமைக்கப் போறேன்னு யோசி."

"நான் எப்ப சமைச்சேன்?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

அந்த வீடு ஹார்ட்முட்டின் தாய் வழியாக வந்தது. எந்தச் சண்டையும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தொடங்கினாலும், "இது யார் வீடு?" என்று முடிப்பான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் யாரும் விரும்பாத ஞாயிற்றுக்கிழமை வேலைகளைக் கேட்டு வாங்கிச் செய்து, அந்தச் சம்பளத்தில் ரோஸ்விதா வாங்கியது இந்த வெளிர்பச்சைக் கிச்சன். கடைக்காரர் கதவு வைத்த அலமாரி காட்டினார். குனிந்து குனிந்து தேட முடியாது, எல்லாம் இழுப்பறையாக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். மூலை அலமாரிக்கு மட்டும் கதவு. பொருத்தி முடித்த அன்று ஹார்ட்முட் வந்து பார்த்து, "ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி இருக்கு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

மூலைக் கதவை அவன் கையால் சாத்தியதே இல்லை. இடுப்பால் இடித்துச் சாத்துவான். கீல் தளரும். அவள் திருகுவாள். மறுபடி இடிப்பான். அவர்கள் குடும்பம் நடத்திய விதம் ஏறக்குறைய அதுதான்.

கழற்றிய நாளில் ரோஸ்விதாவின் அக்கா ஹைட்ரூன் உதவிக்கு வந்தாள். வழக்கப்படி, வேலை செய்கிறவர்களுக்காக பன்றிக் கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்த ரொட்டிகள் ஒரு தட்டில் இருந்தன. ஹார்ட்முட் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். நடுவில் தட்டுக்குக் கையை நீட்டினான்.

"அது வேலை செய்யறவங்களுக்கு" என்றாள் ரோஸ்விதா.

"சரி. சிங்க்கையுமா எடுக்கற? நான் பாத்திரத்த எங்க கழுவறது?"

"குளிக்கிற தொட்டி இருக்குல்ல? அது உங்க அம்மாவோடதுதான்."

ஹைட்ரூன் சிரிப்பை ரொட்டியோடு சேர்த்து விழுங்கினாள்.

ரோஸ்விதா வாங்கியிருந்தது ரயில் பாதையோரம் ஒரு சின்ன ஃபிளாட். வங்கிக் கடன் அவள் பேரில், அழைப்புமணிப் பலகையில் அவள் பேர் மட்டும். நீளச் சுவர், குட்டைச் சுவர் இரண்டையும் முன்பே நாடா வைத்து அளந்திருந்தாள். பழைய வீட்டின் அளவோடு விரல்கடை பிசகவில்லை. சாமான் முழுவதும் மேலே ஏறிய பிறகு, கிச்சனைப் பொருத்த வந்த தச்சர் கோவால்கே அறை நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்து மடக்கிப் பார்த்தார்.

"மேடம், உங்க கிச்சன் வலது பக்கம் திரும்புது. இந்த ரூம் இடது பக்கம் திரும்புது."

"அளவு சரியா இருக்கே."

"இடது செருப்பும் வலது செருப்பும் ஒரே அளவுதான், மேடம்."

"பலகையக் கவுத்துப் போடுங்க."

"கவுத்துப் போட்டா சிங்க் ஓட்டை தலைகீழா நிக்கும். மூலை டப்பாவும் மேல்பலகையும் புதுசு வாங்கணும். இந்தப் பச்சை இப்ப வர்றதில்ல."

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

"சுவரத் திருப்பறதுக்கு இல்ல, மேடம்."

ஹைட்ரூன் அவளைத் தனியே இழுத்துப் போனாள். "அடியே, அவன்கிட்டயே கொடுத்துடு. இப்பவும் விலை கொடுத்து வாங்கிப்பான். நீ இந்தச் சுவருக்குப் பொருந்தறதா ஒண்ணு வாங்கிக்கோ."

"அவன் சொன்னது சரின்னு அவன் வீட்டு வாசல்ல போய் நிக்கணுமா?"

"யார் சரின்னு யாருடி கேட்டா?"

யாரும் கேட்கவில்லைதான். அவளேதான் கேட்டுக்கொண்டாள். புது வீட்டுக்கு ஒரு கிச்சன் வேண்டும் என்று தூக்கி வந்தாளா, அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்று தூக்கி வந்தாளா? அளக்கும்போது எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்? திரும்பி வந்து கோவால்கேயிடம், "அறை நடுவுல நிறுத்துங்க" என்றாள்.

அவர் முனகிக்கொண்டே நிறுத்தினார். தண்ணீர்க் குழாய் தரையின் குறுக்கே வந்தது. அதை மூடிய பலகை ஒரு வரப்புபோல் எழும்பி நின்றது. அலமாரிகளின் பூச்சில்லாத முதுகு உள்ளே வருகிறவரின் முகத்துக்கு நேரே தெரிந்தது. ஜன்னலுக்கும் மேடைக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் நிற்கலாம்.

சில வாரங்கள் கழித்து ஹார்ட்முட் வந்தான். நிலவறையில் கிடைத்தது என்று இழுப்பறைத் தடுப்பு ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். சட்டையில் பொரித்த எண்ணெய் வாடை. அவன் சலவை இயந்திரத்தின் மேல் மின்னடுப்பு வைத்துச் சமைப்பதாக ஹைட்ரூன் சொல்லியிருந்தாள்.

அறை நடுவில் நின்ற கிச்சனை அவன் பார்த்தான். வாய்விட்டுச் சிரிப்பான் என்று எதிர்பார்த்து அவள் பதிலைத் தீட்டி வைத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை.

"இது முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது, ரோஸி."

"உன்னப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

"புதுசு ஒண்ணு நானே வாங்கித் தரேன். உன் சுவருக்கு ஏத்த மாதிரி, எல்லாம் இழுப்பறையா. இது அதோட மூலைக்கே போகட்டும்."

அதில் குத்தல் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. காப்பி போட்டாள். ஒரு கோப்பையில் ஊற்றி, நின்றபடியே குடித்தாள். தெருவில் போகிறவன் வீட்டுக்குள் வந்தாலும் காப்பி கொடுக்கிற ஊர் அது. ஹார்ட்முட் காலி மேசையையும் அவள் கோப்பையையும் பார்த்தான்.

"எனக்கு?"

"ஒரு கோப்பைதான் பிரிச்சு வெச்சிருக்கேன். அந்தக் கிச்சன்லேருந்து ஒரு ஆணிகூட உனக்கு வராது."

அவன் தடுப்பை மேடைமேல் வைத்துவிட்டுத் திரும்பினான். வரப்பில் கால் இடறிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். 'பாத்து' என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதைக் காப்பியோடு உள்ளே இறக்கினாள். அவன் பின்னால் வாசல் கதவு சாத்திக்கொண்டது.

பருப்பு சூப் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. மூலை அலமாரியிலிருந்து உப்பை எடுத்தாள். ஒரு கையில் உப்பு, ஒரு கையில் கரண்டி, திரும்ப இடமில்லை. இடுப்பால் கதவை இடித்துச் சாத்தினாள். கதவு முழுதாக மூடாமல் ஒரு பக்கம் தொங்கியது.

கீல் தளர்ந்திருந்தது. எத்தனை நாளாக இப்படிச் சாத்துகிறோம் என்று அவளுக்கு நினைவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு, திருப்புளியை எடுத்துக்கொண்டு, அந்தச் சந்துக்குள் ஒருக்களித்தபடியே மண்டியிட்டாள்.