பன்விலவில் பெய்யாத மழை

மழை, காடு, மண், ஓடை என்று பெட்டிகள் வரைந்து, அம்புக்குறிகளால் இணைத்து, உலகம் சூடானால் ஒரு மலை என்னவாகும் என்று கணினியிடம் கேட்பது எங்கள் தொழில். பெட்டிக்குள் போடும் எண்ணை யாரோ ஒருவர் நனைந்துகொண்டு அளந்திருக்கிறார் என்பது மறந்துவிடும். இதே வேலையில் உழல்பவர்களே, உங்களுக்கும் மறந்திருக்கும்.

சிவப்பு வட்டங்கள்

யுத்த காலம். கண்டியிலிருந்து மாதம் ஒருமுறை பன்விலவுக்கு பஸ் ஏறுவேன். அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளி சுப்பையா எங்களுக்காகத் தினமும் காலையில் மேட்டுக்கு ஏறி, மழைமானியைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். ஒருமுறை எங்கள் கணினி மாதிரியுரு அவரைக் காட்டிக்கொடுத்தது. மூன்று நாட்கள் கொப்பியில் நல்ல மழை. கீழே ஓடை ஓர் அங்குலமும் ஏறவில்லை. வரைபடத்தில் அந்த நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு எடுத்துப் போனேன். பெருமைதான்.

“இந்த மூண்டு நாளும் மழை பெய்யேல்லை. ஏன் எழுதினனீங்கள்?”

“அந்த மூணு நாளும் மேட்டுல ஆமிக்காரங்க துப்பாக்கியோட நின்னாங்க சார். மேகத்தப் பாத்து எழுதிட்டேன். நீங்கன்னா போயிருப்பீங்களா?”

கொப்பி

அடுத்த மாதம் தோட்டத்தில் சுற்றிவளைப்பு. தொழிலாளர் லயத்தில் வீடு வீடாகத் தேடியபோது கொப்பி அகப்பட்டது. திகதி, எதிரே ஓர் எண். வேறு ஒரு சொல்லும் இல்லை. உளவுக் குறிப்பென்று சுப்பையாவைப் பொலிஸில் வைத்திருப்பதாக அவர் மனைவி சொல்லி அனுப்பியிருந்தார். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.

பொறுப்பதிகாரி முதலில் என் அடையாள அட்டையை வாங்கினார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். அட்டையைத் திருப்பித் தரவில்லை. பிறகு சிங்களத்தில், மெதுவாகக் கேட்டார்:

“மழை அளந்தான் என்கிறீர். பெய்துவிட்டுப் போகிற மழையை எதற்கு எழுதி வைக்க வேண்டும்?”

காய்ந்த மண்

வரைபடத்தை மேசையில் விரித்தேன். மேலே கொப்பியின் மழை, கீழே ஓடையின் உயரம். மழை ஏறிய மறுநாள் ஓடையும் ஏறுவதை அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். விரல் சிவப்பு வட்டத்தில் நின்றது. அவசரத்தில் அதே பிரதியைத்தான் கொண்டு வந்திருந்தேன்.

“இங்கே மட்டும் ஓடை ஏன் ஏறவில்லை?”

மூன்றும் ஆமி மேட்டில் நின்ற நாட்கள். அந்த எண்கள் மழை இல்லையென்றால் ஆட்களின் எண்ணிக்கை என்று ஆகிவிடும். சுவரோரம் நின்ற சுப்பையா என்னையே பார்த்தார்.

“மழை சரி. என் கணக்குத்தான் பிழை” என்றேன். “மண் காய்ந்திருந்தது. பெய்ததை அது குடித்துவிட்டது. எங்கள் கணினிக்கு அது தெரியவில்லை.”

பொறுப்பதிகாரி வட்டத்திலிருந்து விரலை எடுத்தார். பிறகு கொப்பியைச் சுப்பையாவின் பக்கம் தள்ளினார். கணக்கைத் திருத்தித் தனக்கொரு பிரதி அனுப்பச் சொன்னார். என் அட்டையை நீட்டியபடியே கேட்டார்:

“காய்ந்த மண் தண்ணீர் குடிக்கும் என்று வயல்காரன் மகன் எனக்கே தெரியும். இவ்வளவு படித்த உமக்குத் தெரியாதா?”

பிரதி அனுப்பியே ஆகவேண்டும் என்பதால், எங்கள் மாதிரியுருவில் பன்வில மண் இன்றுவரை உலகில் வேறெந்த மண்ணும் குடிக்காத அளவுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது.