ஓனேசிமின் கால்பெட்டி

என் தம்பி ஓனேசிம் புலாங்கைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னார் பாதிரியார், அடக்கப் பூசைக்கு முன்னால். யோசித்துப் பார்த்தேன். "கெட்டிக்காரன்" என்று ஒன்று கிடைத்தது. அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மீதியைக் கோயிலில் சொல்ல முடியாது, அதனால் இங்கே சொல்கிறேன்.

ஓடுகிற எதையும் ஓடவிடாத பிறவி அவன். அம்மாவின் துணி பிழியும் உருளைகளைக் கழற்றி ஒரு சறுக்கு வண்டிக்கு அடியில் மாட்டினான். அம்மா அந்தக் குளிர்காலம் முழுக்கக் கையால் பிழிந்தாள். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "உருளை இன்னும் நல்லா ஓடுதும்மா, வந்து பாரு" என்றான். அவனுக்கு மன்னிப்புக் கேட்பது என்றால் அதுதான்.

வளர்ந்ததும் எங்கள் பழைய வைக்கோல் கொட்டகையைப் பட்டறையாக்கிக்கொண்டு, பனி மேல் மோட்டாரில் ஓடும் பனிவண்டி செய்ய ஆரம்பித்தான். அந்தக் காலத்தில் ஷோடியேர் ஆற்றங்கரையில் கொட்டகை வைத்திருந்தவனெல்லாம் பனிவண்டி செய்தான். ஓனேசிம் மட்டும் மற்றவர்கள் செய்ததைச் செய்யமாட்டான். வண்டியை நகர்த்துகிற ரப்பர் பட்டைக்கு உள்ளே வரிசையாகச் சின்னச் சக்கரங்கள் இருக்கும். அதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, பட்டை சறுக்கிக்கொண்டு சுற்றுகிற மாதிரி இரண்டு வழவழப்பான தண்டவாளங்களை வைத்தான். வண்டி பறந்தது. அதுவும் போதாது என்று, எடை குறைய வேண்டுமென்று, பின்னால் தொங்கும் ரப்பர் மடலையும் கத்தியால் அறுத்துப் போட்டான். பட்டையிலிருந்து தெறிப்பது பின்னால் நிற்பவன் மேல் படாமல் இருக்கத்தான் அந்த மடல். குளிர்காலக் கார்னிவல் பந்தயத்தில் பின்னால் யார் நிற்கப்போகிறார்கள் என்று கேட்டான்.

நின்றது என் புருஷன்.

ரோசேர் பிடில் வாசிப்பவர். ஆற்றின் இரண்டு கரையிலும் அவரைப் போல ஆளில்லை என்று சொன்னால் பெண்டாட்டி சொல்கிறாள் என்பார்கள், போய் விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் பிடில்காரன் நின்று வாசிக்கமாட்டான். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் பலகைத் தரையில் தாளம் தட்டிக்கொண்டே வாசிப்பான். பாதிச் சங்கீதம் காலில் இருக்கிறது. கால் தட்டாமல் வாசிப்பவனை "ரேடியோக்காரன்" என்போம், அவனுக்கு யாரும் எழுந்து ஆடமாட்டார்கள்.

பந்தயத்துக்கு முந்தின வாரம் பனி கொஞ்சம் இளகிவிட்டது. ஆற்றின் மேல் உறைபனிக்கும் புதுப்பனிக்கும் நடுவில் சேறு மாதிரித் தண்ணீர் நின்றது. தம்பியும் அவருமாக அந்தப் புது வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனார்கள். திரும்பி வரும்போது பட்டைக்குள் அந்தச் சேறு உறைந்து கட்டிப்போய் வண்டி நகரவில்லை. அப்போது எல்லோரும் செய்வதைத்தான் செய்தார்கள். ஒருவன் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பான், இன்னொருவன் விசையை அழுத்துவான். பட்டை காற்றில் சுற்றி ஐஸை உதறிவிடும்.

"அத்தான், தூக்கிப் புடிங்க. நல்லா மேல."

"மெதுவாடா. மடல் இல்லாம மூஞ்சியெல்லாம் அடிக்கும்."

"தலையத் திருப்பிக்குங்க, அவ்வளவுதானே!"

தலையைத் திருப்பிக்கொண்டார். பட்டையின் குறுக்கே பதித்த இரும்புப் பல் ஒன்று பிய்ந்து வந்து வலது கணுக்காலில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே வெட்டிக் காலை எடுத்துவிட்டார்கள்.

இதைக்கூட விபத்து என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி அதே வண்டியில் பந்தயம் ஓடினான். ஜெயித்தான். கோப்பையைப் பட்டறை அலமாரியில் வைத்து அதில் திருகாணி போட்டுவைத்தான். நான் கொட்டகை வாசலில் போய் நின்று, பூசைக் கிண்ணத்தில் ஆரம்பித்து நற்கருணைப் பேழை வரைக்கும் பீடத்திலிருக்கிற ஒரு சாமானையும் விடாமல் சொல்லித் திட்டினேன். நாங்கள் அப்படித்தான் திட்டுவோம். அவன் தலைநிமிரவில்லை.

"வண்டி தயாரா இருந்துச்சுக்கா" என்றான். அடித்துக் கொன்றிருப்பேன்.

ரோசேர் பிடிலைச் சுவரில் மாட்டிவிட்டார். மரக்கால் ஒன்று கொடுத்தார்கள். நடப்பார், விறகு வெட்டுவார், தட்டமாட்டார். "ஒத்தக்கால்ல தட்டறதுக்கு நான் என்ன கொக்கா?" என்பார். என் வீட்டில் சத்தமே இல்லாமல் போனது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்த மனிதர் திரும்ப வாசிக்க வேண்டும். அதற்காக யார் காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பேன், தம்பி காலைத் தவிர.

ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் புத்தாண்டுப் பகலில் எங்கள் ஊரில் கதவைச் சாத்தக்கூடாது. எந்த விரோதி வந்தாலும் உள்ளே விட்டு, கைகொடுத்து, வாழ்த்துச் சொல்லி, சாப்பாடு போட வேண்டும். அந்த வழக்கத்தை வைத்துக்கொண்டுதான் அந்தப் படுபாவி உள்ளே வந்தான், கையில் ஒரு மரப்பெட்டியோடு.

ரோசேர் இரண்டு விரலை மட்டும் நீட்டினார். "வருஷம் நல்லா இருக்கட்டும் மச்சான். கடைசியில உனக்கு மோட்சம் கிடைக்கட்டும். சீக்கிரமே கிடைக்கட்டும்."

"உங்களுக்கும் அப்படியே, அத்தான்."

"அத்தான் கித்தான்னு கூப்பிடாதே." என் பக்கம் திரும்பினார். "இமெல்டா, எனக்குக் குழம்புல ரெண்டு காலாப் போடு. நம்ம வீட்டுல ஒண்ணு குறையுது."

புத்தாண்டுக்குப் பன்றிக்கால் குழம்புதான் வைப்போம். வீடு நிறைய உறவு, ஒருவரும் சிரிக்கவில்லை. ஓனேசிம் மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்து, பெட்டியைத் தரையில் வைத்து மூடியைத் திறந்தான். உள்ளே ஒலிநாடா, இரண்டு முனையும் ஒட்டி வளையமாக்கியது, சின்ன உருளைகளின் மேல் சுற்றிக்கொண்டு. பனிவண்டிப் பட்டையைக் குட்டியாக்கி வைத்த மாதிரி. ஒரு பொத்தானை அமுக்கினான். பெட்டியிலிருந்து இரண்டு கால் தட்டுகிற சத்தம் வந்தது. முடிந்த இடத்தில் மறுபடி ஆரம்பித்தது, மறுபடி, மறுபடி.

"யாரு காலு அது?" என்றார் ரோசேர்.

"என்னோடது."

"அதானே பாத்தேன். தொழுவத்துல மாடு திரும்பிப் படுக்குற மாதிரி இருக்கு. மூணாவது தட்டு லேட்டு. கேளுங்கய்யா எல்லாரும்! ஒரு தடவை பண்ணின தப்பை ஓயாமப் பண்ண ஒரு மிஷின் செஞ்சு எடுத்துட்டு வந்திருக்கான்."

"அது லேட்டு இல்ல. என் நடை அது."

"உன் நடையில எனக்கு ஏற்கெனவே ஒரு கால் போச்சு."

இருந்தாலும் பிடிலை இறக்கச் சொன்னார். வாசிப்பதற்கு இல்லை, அவனை அவமானப்படுத்துவதற்கு. ஒரு ஆட்ட மெட்டை ஆரம்பித்து, எங்கள் பிடில்காரர்கள் எப்போதும் செய்வதைப் போல இரண்டாம் சுற்றில் வேகத்தைக் கூட்டினார். பெட்டி கூட வரவில்லை. அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. வில்லை மடியில் போட்டார். "கூட வராத காலு எதுக்கு? பொணத்தோட ஆடற மாதிரி இருக்கு. எடுத்துட்டுப் போ."

ஓனேசிம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். வருத்தப்பட்டான் என்று நினைக்காதீர்கள், முகத்தில் ஒரு யோசனைதான் இருந்தது.

அடுத்த புத்தாண்டுக்கு மறுபடி வந்தான். இந்தத் தடவை பெட்டிக்குள் ஒரு பனிவண்டியின் புல்லி இருந்தது, கைக்கடக்கமாகக் கடைந்து வைத்தது. பனிவண்டிக்குக் கியர் கிடையாது. இரண்டு கூம்புத் தட்டு, நடுவில் ஒரு பெல்ட். தட்டுகள் நெருங்கினால் பெல்ட் மேலே ஏறும், விலகினால் கீழே இறங்கும், வேகம் வழுக்கிக்கொண்டே கூடும், குறையும். அதைக் கொண்டுபோய் நாடாவை இழுக்கிற மோட்டாரில் மாட்டியிருந்தான். வேகம் கூடினால் நாடாவில் பாட்டு கீச்சிடும். கால் சத்தத்துக்குக் கீச்சாவது, கனமாவது! முழங்காலால் நெருக்குகிற மாதிரி ஒரு பிடி. நெருக்க நெருக்க வேகம் கூடும்.

"அத்தா..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். "இந்தாங்க. முட்டியால அமுக்குங்க, கூட வரும்."

"எவ்வளவு தூரம் வரும்?"

"நீங்க போற தூரம்."

இப்படித்தான் சண்டைக்குக் கூப்பிடுவான். ரோசேர் பிடிலைத் தோளில் வைத்தார். முழங்காலை அழுத்தினார். பெட்டி வந்தது. இன்னும் அழுத்தினார். வந்தது. என் சித்தப்பா மகள்கள் எழுந்து ஆடத் தொடங்கினார்கள், அலமாரியில் தட்டெல்லாம் குலுங்கியது. ரோசேரின் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் இல்லை, வெறி. அந்தப் பெட்டியை உடைக்கத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். முழங்காலை முழுக்க நெருக்கினார். பட்டென்று நாடா அறுந்து, சுருள் சுருளாகத் தரையில் கொட்டியது.

தட்டுகிற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

ஆடியவர்கள் நின்று பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு நாற்காலிக்குக் கீழே பார்த்தார்கள். ரோசேரின் இடது காலும் மரக்காலும் பலகையில் மாறி மாறி இறங்கிக்கொண்டிருந்தன. மரக்காலின் சத்தம் கூர்மையாக, சுத்தியல் மாதிரி. அவருக்கே அது தெரியவில்லை. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன், குழம்பு அடிப்பிடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

மெட்டை முடித்துவிட்டு ரோசேர் வில்லால் பெட்டியைக் காட்டினார். "உடைச்சுட்டேன் மச்சான். எடுத்துட்டுப் போ உன் குப்பையை."

அறுந்துபோகட்டும் என்றே ஓனேசிம் நாடா முனைகளின் ஒட்டைத் தளர்வாகப் போட்டான், அத்தானை வாசிக்க வைக்கத்தான் அப்படிச் செய்தான் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவ்வளவு நல்லவன் இல்லை என் தம்பி. அன்று சாயங்காலம் பட்டறையில் சாமான்களை எட்டி உதைத்துக்கொண்டிருந்தவனை நான் பார்த்தேன். "என் ஒட்டு விடாது! என் ஒட்டு விடவே விடாது!" என்று கத்தினான். தோற்றது அவனுக்குத் தாங்கவில்லை.

அதற்கப்புறம் பெட்டிக்கு வேலையே இல்லை. கால் இருந்தது, பிடில் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு புதுப் பெட்டியோடு வந்தான், இவர் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அதை உடைத்தார். இரட்டை நாடா போட்டான், உடைந்தது. ஒட்டைச் சாய்வாக வெட்டிப் போட்டான், உடைந்தது. வண்டிப் பட்டைக்கு வைத்த சறுக்குத் தண்டவாளத்தைக் குட்டியாகச் செய்து நாடாவுக்கும் வைத்தான். மற்றதைவிட அதிகம் தாங்கியது, அப்புறம் அதுவும் போனது. மற்ற நாளில் தெருவில் எதிரே வந்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஒரு வருடம் மட்டும் நாடாவே இல்லாத பெட்டி ஒன்று கொண்டுவந்தான். மொன்றியாலில் வாங்கிய ஏதோ எலெக்ட்ரானிக் சில்லுக்குள் சத்தத்தைப் பதித்துவைத்திருந்தான். ரோசேர் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சுத்தற நாடா எங்கே?"

"கிடையாது. இனிமே அறுபடாது."

"அறுக்கறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா நான் எதுக்குடா வாசிக்கணும்? போய் ஒழுங்கா நாடா போட்டு எடுத்துட்டு வா."

எடுத்துக்கொண்டு போய், அடுத்த வருடம் நாடாவோடு வந்தான். எல்லாப் பெட்டியிலும் அதே கால்தான். மூன்றாவது தட்டு லேட்டாகவே வரும். வேறு பதிந்துகொண்டு வரச் சொல்லி ரோசேர் வருடா வருடம் கத்துவார், அவன் மாற்றவே மாட்டான்.

போன இலையுதிர் காலத்தில், முதல் பனி விழுவதற்கு முன்னால், பட்டறையில் நின்ற நிலையிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அடக்கத்தில் ரோசேர் கடைசி வரிசையில் நின்றார். அந்த வருடத்துக்கான பெட்டி பட்டறை மேசையில் துணி போர்த்தி இருந்தது. கால் போன நாளிலிருந்து அந்தக் கொட்டகைக்குள் காலடி வைக்காத மனிதர், புத்தாண்டு காலையில் தாமே போய் அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார். உதவிக்குப் போன என்னை, "தொடாதே, கவுத்துடுவே" என்று எரிந்து விழுந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டியை நாற்காலிப் பக்கத்தில் வைத்துப் பொத்தானை அமுக்கினார். என் தம்பியின் கால் தட்டத் தொடங்கியது, என் சமையலறைத் தரையில், அவன் அங்கேயே உட்கார்ந்திருப்பது போல. ரோசேர் தம் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார். வாசித்தார். எப்போது வேகம் எடுப்பார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் முழங்கால் அந்தப் பிடியின் பக்கமே போகவில்லை. ஆட எழுந்தவர்களுக்கு அந்த வேகம் போதவில்லை.

"மாமா, முட்டிய அமுக்குங்க! கிழவனாட்டம் போகுது!" என்று கத்தினான் என் நாத்தனார் மகன்.

"வாய மூடு. நாடா அறுந்துடும்."

மூன்றாவது தட்டு வருகிற இடம் வரும்போதெல்லாம் அவர் வில் கொஞ்சம் நின்றது. அது லேட்டாக வந்து விழுந்த பிறகுதான் மேலே போனது.

"மாமா, தாளம் தப்புது."

"தப்பட்டும்டா. அவன் மூணாவது தட்டுக்கு லேட்டாத்தான் வருவான். வரட்டும்."