ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு ராணி

மழை விட்ட ஒரு மாலையில், எங்கள் நாயுடுபுரம் வீட்டு வாசலில் இறகு உதிர்ந்த ராணி எறும்பு ஒன்றை வளர்ப்பதற்காகப் பிடித்தேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, பஞ்சு அடைத்து, அதை உள்ளே விட்டேன். கொடைக்கானல் குளிரில் முட்டை பொரியாமல் போய்விடுமோ என்று, கதகதப்புக்காக ஃப்ரிட்ஜின் பின்பக்கம் குழாயை ஒட்டிவைத்தேன்.

ஒன்பது முட்டைகள் இட்டது. நான்காம் நாள் ஒன்றுகூட இல்லை.

எங்களோடு தங்கி வேலைக்குப் போய்வந்த என் கணவரின் தங்கைக்கு எறும்பென்றாலே ஆகாது. அவள்தான் முட்டைகளைக் கொட்டியிருப்பாள் என்று முடிவுகட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் பாய்ந்தேன்.

"நான் ஏன் மதினி அதத் தொடப்போறேன்? எனக்கு வேற சோலி இல்லயா?"

"என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எனக்கேவா பொய் சொல்ற?"

பாதித் தட்டில் கையை உதறிவிட்டு எழுந்தாள். மறுநாளே செண்பகனூரில் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு ராணி மறுபடி முட்டையிட்டது. அதில் ஒன்றை அதுவே மென்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். குழாயைத் தொட்டேன். ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓட ஓட, அது விரலடியில் நடுங்கியது. அந்த அதிர்வில்தான் முட்டைகளைத் தின்றிருக்கிறது.

குழாயைத் துணி அலமாரிக்கு மாற்றினேன். இன்று அதில் ஒரு கூட்டமே இருக்கிறது. நாத்தனார் பொங்கலுக்கு வந்தாலும் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

ஏன் இடம் மாற்றினாய் என்று கணவர் அன்றே கேட்டார்.

"உங்க தங்கச்சி திரும்பி வந்தா மறுபடி கொட்டிருவாளேன்னு பயந்துதான்" என்றேன். இன்றுவரை அதை மாற்றிச் சொல்லவில்லை.